ஒரு கட்டைவிரல் இடைவெளி

காலை ஏழேகால் மணிக்கு அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று தடயங்கள் இருந்தன. பார்க்க வேண்டியவள் ஒன்றையும் பார்க்கவில்லை.

முதலாவது, ஓர் ஆப்பிள். எட்டு வயது மகள் அதைக் கடிக்காமல் பந்து மாதிரி உருட்டிக்கொண்டிருந்தாள். ஆள் பொடிசு, பேச்சு காரம் என்பதால் வீட்டில் அவளுக்கு மிளகு என்று பெயர்.

“நறுக்கிக் குடும்மா.”

“ஏன், உனக்குப் பல்லு இல்லையா? மகாராணிக்கு ஆப்பிள்கூட நறுக்கித்தான் தரணுமோ?”

அம்மா சொல்லிக்கொண்டே நறுக்கினாள். ஒரு கையால் தலை வாரிக்கொண்டு இன்னொரு கையால் கத்தி பிடிக்கிற அவசரம்.

இரண்டாவது, மிளகின் வலது கை. நேற்றுப் பேனா கசிந்ததில் நான்கு விரல்களும் நீலமாக இருந்தன. கட்டைவிரல் மட்டும் தேய்த்துக் குளிப்பாட்டியது போல வெளுத்திருந்தது.

மூன்றாவது, சிரிப்பு. அப்பா ரொட்டித் துண்டை மூக்கில் ஒட்ட வைத்துக்கொண்டு ஏதோ சேட்டை செய்தபோது மிளகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்த வாய் வெளியே தெரியவில்லை. அதன் மேல் கை இருந்தது.

“இன்னைக்கும் ஸ்கூல்ல இருந்து நானே கூட்டிட்டு வந்துடறேன்” என்றார் அப்பா. சலவை நிலையத்தின் வேன் ஓட்டுகிறவர். ஓட்டல்களின் அழுக்குப் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போய், வெள்ளை வெளேரென்று திருப்பிக் கொடுக்கிற வேலை.

“நேத்தும் நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க. என்ன திடீர்னு இவ்வளவு பாசம்?”

“மூட்டை கம்மிம்மா. வேன்ல இடம் இருக்கு.”

அப்பாவும் மகளும் ஒரு விநாடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணக்குக்கு அது நான்காவது தடயம். அதற்குள் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

இத்தனைக்கும் அவள் பற்களைப் பார்த்தே பிழைக்கிறவள்.

*

சைக்கிள் கடைக்கு மேலே, பதினெட்டு படி ஏறினால் பல் பட்டறை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் பசை வைத்து எடுக்கிற அச்சுகள் இங்கேதான் வரும். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, பல்வரிசையை அப்படியே வார்த்தெடுப்பது அவள் பொறுப்பு. பத்து வருஷமாக அதைச் செய்வதால் எல்லோருக்கும் அவள் அச்சக்கா.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கம்பி வளைப்பவர் கம்பிக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடி, வாயில் பற்ற வைக்காத சிகரெட். மூலையில் சுழலும் சக்கரத்தில் தட்டுகளை மெருகேற்றுகிறவள் மெருகுப் பொண்ணு. மூவருக்கும் முடியெல்லாம் எப்போதும் வெள்ளைத் தூள். வெயில் காலத்தில் வேர்வையோடு சேர்ந்து அது கழுத்தில் இறுகிப் பாளமாகும். அன்றைக்கு அப்படியொரு புழுக்கம். வானம் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொடுக்காமல் பழிவாங்கியது.

அச்சக்கா நேற்று மாலை கடைசியாக ஊற்றிவிட்டுப் போன அச்சை, ஈரத் துணியைப் பிரித்து எடுத்தாள். அதனுடன் வந்த சீட்டில் பேர் கிடையாது. எந்த டாக்டரும் பேர் எழுதி அனுப்புவதில்லை, எண்தான்.

‘41. பெண். வயது 8. விரல் தடுக்கும் வேலி. நாளை மாலை நாலரைக்கு மாட்ட வேண்டும்.’

“எந்த கிளினிக் அண்ணே இது?”

“பாலத்துக்கு அந்தப் பக்கம், புதுசு. அவங்க வழக்கமா அனுப்புற பட்டறையில மெஷின் ரிப்பேராம். திங்கட்கிழமையிலேருந்து நம்ம தலையில கட்டியிருக்காங்க” என்றார் கம்பிக்காரர்.

அச்சக்கா கத்தியின் முனையைக் கொடுத்து நெம்பினாள். ‘சொத்’தென்று பசை விட்டது. மேல்வரிசை வெளியே வந்தது. பிறகு கீழ்வரிசை. இரண்டையும் கடிக்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று வைத்தவள், விசில் அடித்தாள்.

“ஏய், இங்க வந்து பாரு!”

மெருகுப் பொண்ணு சக்கரத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். அச்சக்கா பல்லைப் பார்த்து ஆளைச் சொல்வது அந்தப் பட்டறையின் தினசரிக் கேளிக்கை. ‘இவர் பென்சில் கடிக்கிறவர்.’ ‘இந்தம்மா தையல்காரி, நூலைக் கடிச்சுக் கடிச்சுப் பல்லில் பள்ளம்.’ முக்கால்வாசி சரியாக இருக்கும்.

“கடைவாய்ப் பல்லெல்லாம் கச்சிதமா சேருது. முன்னாடி பாரு. மேலேயும் கீழேயும் தொடவே இல்ல. நடுவுல திறந்த ஜன்னல்.” அச்சக்கா தன் கட்டைவிரலை அந்த இடைவெளியில் நுழைத்தாள். முட்டி வரை போனது. “விரல் சூப்புற கேஸ். மேல் முன்பல்லு ரெண்டும் வாசலுக்கு வந்து எட்டிப் பாக்குது, கீழ்ப்பல்லு உள்ள சாஞ்சிருக்கு. வலது பக்கம் கொஞ்சம் அதிகமாத் தூக்கியிருக்கு, அதனால வலது கை.”

“அடேங்கப்பா! அப்புறம்?”

“மேல் அண்ணம் கூரை மாதிரிக் குறுகிப் போச்சு. இது பேசினா நாக்கு அந்த ஜன்னல் வழியா வெளியே வரும். முன்பல்லால எதையும் கடிக்க முடியாது. ரொட்டியைக்கூட கையால பிச்சுத்தான் தின்னும்.”

“பாவம்க்கா.”

“பாவமா? மூணு நாலு வயசுல சூப்பினா பாவம். அப்ப பால்பல்லு, விட்டா அதுவா சரியாகிடும். இதுக்குப் புதுப் பல்லு வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது. எட்டு வயசு வரைக்கும் விட்டு வச்சிருக்காளே, அவ அம்மா என்ன பண்ணிட்டிருந்தா? வெத்திலை பாக்கு வச்சா கூப்பிடணும், மகள் வாயைப் பாருன்னு?”

மெருகுப் பொண்ணு கெக்கெக்கே என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அச்சக்காவுக்கு இன்னும் உற்சாகத்தைக் கொடுத்தது.

கீழ்வரிசையைத் திருப்பியபோது இடது முன்பல்லின் மூலையில் ஒரு சின்னக் குறை கண்ணில் பட்டது. அரிசி நுனி அளவு. ஊற்றும்போது காற்றுக் குமிழ் மாட்டினால் இப்படி ஆகும். நேற்று மாலை கண் சொருகச் சொருக ஊற்றியது. ‘என் குமிழ்தான்’ என்று முனகிவிட்டு, தூரிகையில் ஒரு சொட்டுப் பிளாஸ்டர் தொட்டு, மூலையை நிரப்பி, காய்ந்ததும் தேய்த்துச் சீராக்கினாள். அழகான முழுப் பல். பத்து வருஷ அனுபவம் செய்த வேலை.

பிறகுதான் பேனாவை எடுத்தாள்.

சீட்டின் அடியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக அதில் ‘பசை சரியாக எடுக்கவில்லை’ போன்ற சண்டைகள்தான் எழுதுவார்கள். அச்சக்கா தன் வட்ட வட்டமான எழுத்தில் எழுதினாள்:

‘டாக்டர், எட்டு வயது வரை விட்டு வைத்த தாயை முதலில் கண்டிக்கவும். இன்னொரு தடவை வாயில் விரலைப் பார்த்தால் கத்திரிக்கோலால் நறுக்கிவிடுவோம் என்று பிள்ளையிடம் சொல்லவும். பயம்தான் மருந்து.’

கம்பிக்காரர் எட்டிப் படித்தார். “பயம்தான் மருந்துன்னா எனக்கு இங்க வேலையே இல்லையேம்மா.”

“உங்களுக்குத் தெரியாதுண்ணே. என் பொண்ணும் சூப்பினவதான். நாலு வயசுல இதே வார்த்தைதான் சொன்னேன், கத்திரிக்கோலைக் கையில வச்சுக்கிட்டு. அன்னையோட நிறுத்திட்டா!”

அவர் கம்பியை எடுத்தார். மேல் அண்ணத்தில் உட்காரும் தட்டின் முன்பக்கம், விரல் வந்து படுகிற இடத்தில், மூன்று வளைவுள்ள சின்ன வேலி. குத்தாது, கிழிக்காது. விரலுக்கு இடம் இல்லை என்று சொல்லும், அவ்வளவுதான். ஒவ்வொரு வளைவின் முனையையும் தன் உதட்டில் தேய்த்துப் பார்த்தார். மதியம் தட்டுக்கான இளஞ்சிவப்புப் பசையை ஊற்றி இறுக வைத்தார். மெருகுப் பொண்ணு தேய்த்துப் பளபளப்பாக்கினாள்.

மூன்று மணிக்குப் பெட்டிக்காரர் வந்தார். வேலி, பல்வரிசை, சீட்டு மூன்றையும் பெட்டியில் வைத்து, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு பறந்தார்.

*

மூன்று இருபது. மெருகுப் பொண்ணு தொட்டியில் அச்சு டிரேக்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பழைய பசையைச் சுரண்டிப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். அச்சக்கா மாதிரி தானும் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு ஆசை.

“அக்கா, நாப்பத்தொண்ணுல ஒரு மூலையை நிரப்பினியே, ஏன்?”

“குமிழ்டி.”

“குமிழ்னா பிளாஸ்டர்லதானே வரும்? பசையிலேயே மூலை இல்லையே. பாரு, இந்தப் பள்ளத்துல ஒரு ஓரம் மேடாயிருக்கு. அந்தப் பிள்ளைக்கு நெசமாவே பல்லு உடைஞ்சிருக்குக்கா.”

அச்சக்கா சலித்துக்கொண்டே டிரேயை வாங்கினாள்.

பசை சுருங்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் தெளிவாகத் தெரிந்தது. கீழ் வரிசை. இடது முன்பல். மூலை, சரிவாக, உள்ளிருந்து வெளியே.

டிரேயை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

போன வருஷம். பள்ளித் தண்ணீர்க் குழாய். குனிந்து குடித்தவளை யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட, பித்தளைக் குழாயில் ‘டங்’ என்று ஒரு மோதல். ரத்தத்தைத் துடைத்துவிட்டு, வாயைத் திறந்து பார்த்து, அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த அவள்தானே சொன்னாள்: “மூலைதான் போச்சு, விடு. வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சா யாருக்கும் தெரியாது.”

கீழ் வரிசை. இடது முன்பல். மூலை, சரிவாக.

அதற்குப் பிறகு மிளகு வாயைத் திறந்து சிரித்து எப்போது பார்த்தாள்?

ஆப்பிள் உருண்டது. நீல விரல்கள் நான்கு, வெள்ளை விரல் ஒன்று. ‘ஸ்கூல்’ என்பதை நாக்கு துருத்திச் சொல்வதை மழலை என்று கொஞ்சினாளே! பத்து மணி நேரம் ஊரார் பல்லைப் பார்த்துவிட்டு வந்து, ‘வீட்டில் யார் வாயையும் நான் பார்க்க மாட்டேன்’ என்று சட்டம் போட்டவளும் அவள்தான்.

“அக்கா? என்னக்கா? முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?”

“நான்தான்டி” என்றாள் அச்சக்கா.

“என்ன நீதான்?”

“வெத்திலை பாக்கு வச்சுக் கூப்பிட வேண்டிய அம்மா.”

அடுத்த விநாடி அவளுக்குச் சீட்டு ஞாபகம் வந்தது.  தன் எழுத்து. மிளகின் வீட்டுப்பாட நோட்டில் தினமும் திருத்திக் கொடுக்கிற அதே வட்ட வட்ட எழுத்து. அதில், கத்திரிக்கோல்.

மணி மூன்று இருபத்தாறு. மாட்டுகிற நேரம் நாலரை.

கணவருக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கிளினிக்குக்கு அடித்தாள். வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி, மறுபடி. பெட்டிக்காரருக்கு அடித்தாள். வண்டி ஓட்டும்போது போனை எடுக்காத ஒழுக்கமான மனிதர்! இன்றைக்கென்று அந்த ஒழுக்கம் கழுத்தை அறுத்தது.

“அண்ணே, ஸ்கூட்டரை எடுங்க!”

“எங்கம்மா?”

“பாலத்துக்கு அந்தப் பக்கம். நாப்பத்தொண்ணு என் பொண்ணு!”

கம்பிக்காரர் வாயிலிருந்த சிகரெட் கீழே விழுந்தது. எழுந்தார். என்ன நினைத்தாரோ, கம்பி வளைக்கும் குறட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

கம்பிக்காரர் கம்பியை வளைக்கிற நிதானத்தில்தான் வண்டியையும் வளைப்பார். பால்காரர் முந்தினார். ஐஸ் வண்டி முந்தியது. நாய் ஒன்று கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்துவிட்டு, போர் அடித்துத் திரும்பியது.

“அண்ணே, கொஞ்சம் முறுக்குங்களேன்!”

“முறுக்கினா வழுக்கும்மா. தூறுது பாரு.”

தூறல் இரண்டே நிமிஷத்தில் மழையானது. காலையிலிருந்து பிடித்து வைத்ததை வானம் ஒரே மூச்சில் கொட்டியது. அச்சக்காவின் முடியிலிருந்த பிளாஸ்டர் தூள் பாலாய்க் கரைந்து நெற்றியில் வழிந்தது.

“நாலு வயசுல நிறுத்திட்டான்னு நெனச்சேன்ணே.” மழைக்கு மேல் கத்தினாள். “நிறுத்தல. ஒளிச்சிருக்கா! நாலு வருஷமா என்கிட்டேயிருந்து ஒளிச்சிருக்கா!”

“எனக்கு என் பொண்டாட்டி முப்பது வருஷமா பயம் காட்டுறாம்மா” என்று அவரும் கத்தினார். “அதனாலதான் வீட்டுல சிகரெட்டே தொடுறதில்ல. கக்கூஸ்லதான்!”

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

பாலத்துக்கு முன்னால் ரயில்வே கேட். அவர்கள் வந்து சேர்வதற்காகவே காத்திருந்தது போல், கண் முன்னால் இறங்கியது. மணி நான்கு ஏழு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வண்டிகள். ரயிலைக் காணோம்.

“எவ்வளவு நேரம் ஆகும்?” பக்கத்து லாரிக்காரரைக் கேட்டாள்.

“சரக்கு வண்டிம்மா. வர்றதுக்குப் பத்து நிமிஷம், போறதுக்கு இருபது நிமிஷம்.”

அச்சக்கா இறங்கினாள். பக்கத்தில் நடைமேம்பாலம் இருந்தது.

“நீங்க பின்னாடி வாங்கண்ணே!”

படிகளை இரண்டிரண்டாக ஏறினாள். உச்சியில் காற்று மேலங்கியைப் பிடித்து இழுத்தது. இறங்கும்போது ஒரு செருப்பின் வார் பிய்ந்தது. இன்னொன்றையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். வெள்ளை வழிகிற முகம், கையில் செருப்பு, வெறுங்கால். எதிரே வந்தவர்கள் தாமாகவே வழிவிட்டார்கள். ஆற்றுப் பாலத்தின் முக்கால் பங்கில் மூச்சு முட்டியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை மூச்சு இழுத்தாள். மறுபடி ஓடினாள்.

கிளினிக் வாசலில் சலவை வேன் நின்றிருந்தது. பெட்டிக்காரர் மழைக்கு ஒதுங்கிப் படியில் நின்றார்.

“என்னம்மா, நீ இங்க?”

“பெட்டி?”

“அப்பவே குடுத்துட்டேனே. டாக்டரம்மா கையிலேயே குடுத்தேன்!” என்றார் பெருமையாக.

மணி நான்கு முப்பத்தொன்று.

*

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவள் பார்த்தது இதுதான்: நீளமான நாற்காலியில் மிளகு. பக்கத்தில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு அப்பா. டாக்டரம்மா ஒரு கையில் வேலியையும் மறு கையில் சீட்டையும் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

“யாரோ ரொம்பக் காரமான ஆள் போலிருக்கு அந்தப் பட்டறையில. குறிப்பைப் பாருங்க சார். நானெல்லாம் இப்படிச் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க” என்று அவர் சீட்டை நீட்ட, அப்பா வாங்குவதற்குள் மிளகு எட்டிப் பார்த்துவிட்டாள்.

அச்சக்கா கதவைத் தள்ளிய அதே நொடியில் அந்தக் குரல் கேட்டது.

“இது எங்கம்மா எழுத்து.”

அப்பா சீட்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். 

“அப்பா, அம்மாவுக்குத் தெரிஞ்சிடுச்சாப்பா? நறுக்கணும்னு எழுதியிருக்குப்பா.” மிளகின் வலது கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தது.

பிறகு அவள் வாசலைப் பார்த்தாள். வாசலில் வெள்ளை வழிந்த ஓர் உருவம் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. மிளகு நாற்காலியின் மூலைக்குச் சுருண்டாள்.

“ஏம்மா, நான் சொல்றதைக் கேளு” என்று அப்பா நடுவில் வந்தார். “அவளைத் திட்டாதே. நான்தான் கூட்டிட்டு வந்தேன். உன் பட்டறைக்குப் போகக் கூடாதுன்னுதான் பாலம் தாண்டி வந்தேன்…”

“திட்ட வரலீங்க.”

நாற்காலியின் பக்கத்தில் அச்சக்கா மண்டியிட்டாள். தரையில் வெள்ளைத் தண்ணீர் குளம் கட்டியது.

“அந்தக் குறிப்பு உனக்கு எழுதினது இல்ல கண்ணு. பேர் இல்லாம வந்துச்சு. யாரோ ஒரு பிள்ளைன்னு நெனச்சு எழுதிட்டேன்.”

“யாரோ பிள்ளைன்னா விரலை நறுக்கலாமா?”

அச்சக்கா நெற்றியில் வழிந்த வெள்ளையைப் புறங்கையால் துடைத்தாள். மிளகு கேட்டாள்:

“என் விரலை நறுக்கிடுவியா?”

“மாட்டேன்டா. எப்பவுமே மாட்டேன். அன்னைக்கும் சும்மாதான் சொன்னேன்.”

“எனக்கு அது சும்மான்னு தெரியாதே.”

சீட்டில் எழுதிய மூன்று வரிக்கும் சேர்த்து அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. அச்சக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மிளகுக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. வந்தால் நிற்காது.

“நான் விட்டுட்டேன்மா. பகல்ல வைக்கிறதே இல்ல. தூக்கத்துல கை தானா போயிடுது. காலையில பாத்தா ஈரமா இருக்கு. அதனால ரிப்பனால கையைக் கட்டிக்கிட்டுத் தூங்கலாம்னு பாத்தேன். ஒரு கையால முடிச்சுப் போட முடியாதுல்ல? பல்லால கடிச்சு இழுத்தேன். வரவே இல்ல. முன்னாடி பல்லு சேர மாட்டேங்குது. ரிப்பன் நழுவி நழுவி வந்துடுச்சு. கண்ணாடியில போய்ப் பாத்தேன். பெரிய ஓட்டை. அப்பதான் அப்பாகிட்ட சொன்னேன்.”

“என்கிட்ட ஏன்டா சொல்லல?”

“நீ பல்லு போலீஸ் ஆச்சே.”

டாக்டரம்மா சட்டென்று திரும்பிக்கொண்டு தண்ணீர்க் குழாயைச் சரிசெய்வது போல் நடித்தார்; தோள் குலுங்கியது. அப்பாவால் அடக்க முடியவில்லை, ‘புர்’ரென்று சிரித்துவிட்டார். அச்சக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டன.

“பல்லு போலீஸே தப்புப் பண்ணிடுச்சுடி” என்றாள். மேலங்கிப் பையில் டிரே இருந்தது. எப்போது போட்டுக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாது. “இதைப் பாரு. உன் உடைஞ்ச மூலை. நான் குமிழ்னு நெனச்சு நிரப்பிட்டேன். ஊரார் பல்லெல்லாம் பாத்து ஆளைச் சொல்றேன். என் பிள்ளை பல்லைக் கையில வச்சுக்கிட்டு யாருடையதுன்னு தெரியாம இருந்துட்டேன்.”

மிளகு டிரேயைப் பார்த்தாள். அந்தச் சின்ன மேட்டை விரலால் தொட்டாள். தொட்டது கட்டைவிரலால். முதுகுக்குப் பின்னாலிருந்து அது எப்போது வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

“டாக்டர்,” அச்சக்கா எழுந்தாள். “சரியாகுமா? எனக்கு வேலையில தெரிஞ்சது வேற. அம்மாவாக் கேக்கறேன்.”

“தானா வந்து ‘விட முடியல, உதவி பண்ணுங்க’ன்னு கேட்ட பிள்ளைம்மா. பாதி வேலை முடிஞ்சாச்சு. முன்பல்லு புதுசு, எலும்பு இளசு. விரல் போறது நின்னா நாக்கும் உதடும் தள்ளித் தள்ளிப் பல்லை இறக்கிடும், ஆறு மாசமோ ஒரு வருஷமோ. இன்னும் நாலு வருஷம் கழிச்சு வந்திருந்தா கம்பி, தாடைன்னு பெரிய கதை. விழிச்சிருக்கும்போது அவ விரலை விட்டுட்டா. தூக்கத்துல விடறதுக்குத்தான் இந்த வேலி. இது தண்டனை இல்ல, ஞாபகப்படுத்துற ஆள். சரி, மாட்டலாமா?”

எல்லோரும் மிளகைப் பார்த்தார்கள். மிளகு அம்மாவைப் பார்த்தாள். ஒரு வருஷமாக மூடிய கதவு.

“அசிங்கமா இருக்கும்” என்றாள் மெதுவாக.

“இன்னைக்குக் காலையிலேயே உன் வாய்க்குள்ள பூந்து பாத்துட்டேன், போ. இனிமே என்ன மறைக்கப் போறே?”

மிளகு வாயைத் திறந்தாள். “ஆ!”

அச்சக்கா பார்த்தாள். பிளாஸ்டரில் பார்த்தது எல்லாம் அப்படியே இருந்தது. பிளாஸ்டரில் இல்லாதது, உடைந்த அந்த மூலை. அதுதான் அவளுக்கு இந்த உலகத்திலேயே மிக நன்றாகத் தெரிந்த பல்.

தட்டு உள்ளே போனது. உட்கார்ந்தது. “வலிக்குதா?” “இங்க குத்துது.” டாக்டரம்மா குறடு தேடி இழுப்பறையைத் திறக்கையில், கதவு தடாலென்று திறந்தது. முழுக்க நனைந்த கம்பிக்காரர், வாயில் ஊறி நொந்துபோன ஒரு புதிய சிகரெட்டோடு நின்றார். சட்டைப் பையிலிருந்து குறட்டை உருவினார்.

“என் கம்பி குத்துதுன்னு யாரு சொன்னது?”

ஒரே ஒரு திருகல். மறுபடி மாட்டினார்கள். மிளகு வாயை மூடினாள், திறந்தாள், நாக்கால் வேலியைத் தடவினாள்.

“தாத்தா, உங்களுக்கு ஏன் வேலி போடல?” சிகரெட்டைக் காட்டி, தட்டோடு கொழகொழவென்று கேட்டாள்.

கம்பிக்காரர் சிகரெட்டை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். “இன்னைக்கு மட்டும்” என்றார் அவசரமாக.

அச்சக்கா மேசையிலிருந்த சீட்டை எடுத்தாள். கிழிக்கப் போனவளின் கையை மிளகு பிடித்தாள்.

“கிழிக்காதே! டாக்டர் ஆன்ட்டி, அதுல முதல் வரி அம்மாவைக் கண்டிக்கணும்னு இருக்கு. நீங்க இன்னும் கண்டிக்கவே இல்ல!”

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, அச்சக்காவை உட்காரச் சொன்னார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலை நீட்டி, ஒரு நிமிஷம் முழுதாகக் கண்டித்தார். மிளகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினாள். அச்சக்கா கை கட்டிக் கேட்டுக்கொண்டாள்.

*

எட்டு மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாள். அம்மாவோடு பட்டறைக்கு வந்த மிளகு மெருகுப் பொண்ணின் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். போன வாரம்தான் டாக்டரம்மா வேலியைக் கழற்றினார். ஈர விரலோடு அவள் விழித்து ஐந்து மாதம் ஆகிறது. அதற்கு முன் இரண்டு தடவை வேலியையும் மீறி விரல் வந்ததுண்டு. இரண்டு தடவையும் காலையில் எழுந்ததும் முதலில் அம்மாவிடம்தான் சொன்னாள்.

“பசிக்குதும்மா.”

அச்சக்கா கைகளைக் கழுவிவிட்டுப் பையிலிருந்து ஆப்பிளையும் கத்தியையும் எடுத்தாள். திரும்புவதற்குள் ஆப்பிள் கையில் இல்லை.

‘கறுக்!’

கடைவாயில் இல்லை. பக்கவாட்டில் இல்லை. நேராக, முன்பல்லால்.  சக்கரம் நின்றது. கம்பிக்காரரின் குறடு காற்றில் நின்றது. கன்னம் உப்ப மென்றுகொண்டே மிளகு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன?”

அச்சக்கா அவள் கையிலிருந்து ஆப்பிளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். மேலே அகலமாக இரண்டு வெட்டு. கீழே அதைச் சந்திக்க வந்த சின்ன வெட்டுகள். நடுவில் மயிரிழை இடைவெளிகூட இல்லை. கீழே இடது பக்கம், ஒரே ஒரு இடத்தில், அரிசி நுனி அளவு சதை கடிபடாமல் மேடாக நின்றது.

“யாருன்னு சொல்லுக்கா பாப்போம்!” மெருகுப் பொண்ணு கத்தினாள்.

அச்சக்கா ஆப்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அம்மா, குடும்மா! அது என் ஆப்பிள்!” மிளகு வாயைத் திறந்து, கை மறைக்காமல், பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.